தொப்புள்: பிள்ளைகள் கேட்பதும், பெரியவர்கள் கேட்காமலே நம்புவதும்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தொப்புள். பாறசாலை தாண்டினால் பொக்கிள். பழைய தமிழகராதியிலும் பொக்குள் என்று ஒரு சொல் கிடக்கிறது, ஆக எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். எந்தப் பெயரில் அழைத்தாலும், மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே பிள்ளைகள் அதில் விரலை விட்டுக்கொண்டு கேட்கிற கேள்விகள் மாறுவதில்லை. குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் வட்டார வீடுகளில் காதில் விழுகிறவற்றுக்கு இங்கே பதில். பிள்ளைகளின் தப்புக்கணக்கு சிரிப்போடு போய்விடும். பெரியவர்களின் தப்புக்கணக்கு சில நேரம் பச்சைக் குழந்தையின் உடம்பில் போய் முடியும். அதனால் அவையும் பின்னால் வருகின்றன.

தொப்புளை நோண்டினால் காற்றுப் போய்விடுமா?

போகாது. பந்தையும் சைக்கிள் டியூபையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இது நியாயமான சந்தேகம்: உருண்டையாக ஒரு வயிறு, நடுவில் ஒரு குழி, அது வால்வு இல்லாமல் வேறென்ன? தொப்புள் ஒரு தழும்பு, அவ்வளவுதான். விழுந்து முட்டு பெயர்ந்து, பொருக்கு உதிர்ந்த இடம் எப்படியோ, அப்படியே இதுவும். தோல், அதன் கீழே கெட்டியான நார்ச்சவ்வு, அதன் கீழே வயிற்றின் உள்ளுறை என்று அடுக்கடுக்காக மூடியிருக்கிறது. சுற்றிலும் தோலுக்கடியில் கொழுப்பு இருக்கும், நடுவில் இருக்காது, அதனால்தான் குழி. திருகாணி மாதிரி சுழற்றினால் பின்புறம் கழன்று விழும் என்று அண்ணன்மார் பயமுறுத்துவதற்கும் இதே பதில்.

சக்கைக்குருவை விழுங்கினால் தொப்புள் வழியாகப் பிலாவு முளைக்குமா?

பலாப்பழத்தை இங்கே சக்கை என்பார்கள், அதன் கொட்டைதான் குரு. சக்கை பழுக்கிற காலத்தில் இந்தக் கேள்வியும் கூடவே பழுக்கும். விதை முளைக்க ஈரம் வேண்டும், காற்று வேண்டும், அவகாசம் வேண்டும். வயிற்றில் ஈரம் மட்டுமே உண்டு. இரைப்பையின் அமிலம் ஒருபுறம் இருக்கட்டும். மண்ணிலேயே சக்கைக்குரு முளைவிட மூன்று முதல் எட்டு வாரம் எடுக்கும். விழுங்கியது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்றாவது நாளில், போக வேண்டிய வழியில் போய்விடும்.

ஆனால் இந்தப் பயத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டாம். விதை இரைப்பைக்குப் போனால் கவலை இல்லை, மூச்சுக்குழாய்க்குப் போனால் ஆபத்து. அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு, அமிலம் கிடையாது. 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு முதியவரின் நுரையீரலுக்குள் பட்டாணி ஒன்று அரை அங்குலத்துக்கு முளைவிட்டிருந்ததை மருத்துவர்கள் எடுத்தார்கள். சிறு பிள்ளைக்கு முளைக்கும் வரை நேரமே கிடைக்காது, மூச்சு அடைத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே குருவை அவித்து, தோல் நீக்கி, நசுக்கியே கொடுக்க வேண்டும்.

தொண்டையில் சிக்கிக்கொண்டால்: பிள்ளை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தம் வரவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்பு முடிவதற்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றி. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும். கூடவே ஒருவர் 108க்கு அழைக்க வேண்டும்.

பாப்பா தொப்புள் வழியாகத்தானே வெளியே வரும்?

பிள்ளைகளிடம் இதற்குச் சாட்சிகள் பலமாக இருக்கின்றன. மாசம் ஏற ஏற அம்மாவின் தொப்புள் பிதுங்கி வெளியே வருகிறது. உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரியே இருக்கும். அதற்குக் கீழே நேர்கோடாக ஒரு கறுப்பு வரி ஓடுகிறது. பையின் ஜிப் போல. சிசேரியன் ஆன அம்மாவிடம் தையல் தழும்பே இருக்கும். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பெரியவர்களும் அதே முடிவுக்குத்தான் வருவார்கள்.

நடப்பது இது. கர்ப்பப்பையின் உச்சி ஏறக்குறைய 20ஆவது வாரத்தில் தொப்புள் மட்டத்தைத் தொடும். செவிலியர் டேப் வைத்து அளக்கும்போது அதுவும் ஓர் அடையாளம். பிறகு பை மேலே மேலே வளர்வதால் தொப்புள் தட்டையாகி, சிலருக்கு வெளியே தள்ளும். பேறுகாலம் முடிந்தபின் உள்ளே போய்விடும். கறுப்பு வரி ஹார்மோன் செய்கிற நிறமாற்றம். பிள்ளை பிறந்தபின் மெல்ல மங்கும். சிசேரியன் வெட்டு பொதுவாக அடிவயிற்றில், தொப்புளுக்கு வெகு கீழே, குறுக்காக இருக்கும்.

பிள்ளையிடம் எதைச் சொல்வது? "இல்ல மக்ளே, தொப்புள் மூடின வாசலு. பாப்பா வர்றதுக்கு அம்மா உடம்புல, காலுக்கு எடையில தனியா ஒரு வழி இருக்கு. சில நேரம் டாக்டர் அடிவயித்துல திறந்து எடுப்பாரு." இவ்வளவு போதும். ஐந்து வயதுப் பிள்ளை அதற்குமேல் கேட்பதில்லை. நாம் திணறுவதைப் பார்த்தால்தான் கேட்கும். தவிட்டுக்கு வாங்கினோம் என்ற பழைய பொய் வேண்டாம். அது பத்து வருஷம் மனசில் உறுத்துகிற பிள்ளைகள் உண்டு.

அம்மாவின் தொப்புளும் என் தொப்புளும் ஒரே கொடியில் சேர்ந்திருந்தனவா?

மிகப் பரவலான தப்பு, படித்த பெரியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். கொடியின் ஒரு முனை குழந்தையின் தொப்புளில். மறுமுனை நஞ்சுக்கொடியில், மலையாளத்தில் மறுபிள்ளை என்பார்களே, அதில். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். அம்மாவின் தொப்புள் அம்மா அவளுடைய அம்மாவிடமிருந்து கொண்டுவந்தது. உங்களுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

அப்பா பிள்ளை பெறுவதில்லையே, அவருக்கு எதற்குத் தொப்புள்?

அவரும் ஆச்சியின் வயிற்றில் இருந்தவர்.

அம்மா சாப்பிட்ட சோறு குழாய் வழியாக என் வயிற்றுக்கு வந்ததா? மீன் குழம்பு காரம் இறங்கியிருக்குமே?

சோறு வராது. சோற்றிலிருந்து அம்மாவின் ரத்தத்தில் சேர்ந்த சர்க்கரை, கொழுப்பு, புரதத்தின் சிறு துணுக்குகள், ஆக்சிஜன் எல்லாம் நஞ்சுக்கொடியின் மெல்லிய சவ்வைத் தாண்டி குழந்தையின் ரத்தத்துக்குள் போகும். இரண்டு ரத்தமும் அக்கம்பக்கத்தில் ஓடுமே தவிர, ஒன்றோடொன்று கலந்து ஓடுவதில்லை.

கொடி 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். உள்ளே மூன்று குழாய்: ஆக்சிஜனும் சத்தும் கொண்டுவருகிற சிரை ஒன்று, கழிவைத் திருப்பி அனுப்புகிற தமனிகள் இரண்டு. அவற்றைச் சுற்றி நுங்குபோல வழுவழுப்பான ஒரு பொருள். குழந்தை புரண்டாலும் குழாய் நசுங்காமல் காப்பது அதுதான். பிரசவம் ஆனதும் வெட்டுமுகத்தில் மூன்று துளையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். தமனி ஒன்றே இருந்தால் குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கூடுதலாகப் பரிசோதிப்பது வழக்கம்.

காரக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வாயாலும் குடிக்கிறது, ஆனால் பனிக்குட நீரை. அம்மா தின்ற பூண்டின் வாசனை அந்த நீரில் ஏறுவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆக, குழம்பு வரவில்லை. குழம்பின் மணம் கொஞ்சம் எட்டியிருக்கலாம்.

பத்மநாபசாமிக்குத் தாமரை வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?

திருவனந்தபுரம் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவாசலில் தெரிவது உந்தித் தாமரையும் அதன்மேல் பிரம்மாவும். அங்கே தூக்கிக் காட்டப்பட்ட பிள்ளை திரும்பி வரும்போது பஸ்ஸில் சட்டையைத் தூக்கிப் பார்க்காமல் இருக்காது. அது படைப்பைப் பற்றிய புராணம் என்று சொல்லலாம். கூடவே ஒரு தாமரைத் தண்டை ஒடித்துக் காட்டுங்கள்: உள்ளே குழாய் குழாயாக இருக்கும். நீருக்கடியில் வேர், நீருக்குமேல் பூ, நடுவில் வளைந்து நெளிந்த தண்டு. நஞ்சுக்கொடி, கொடி, குழந்தை என்கிற அமைப்பை இதைவிட அழகாகக் காட்டும் படம் பாடப்புத்தகத்தில் இல்லை. இந்த உவமையை முதலில் நினைத்தவர் பேறு பார்த்த அனுபவம் உள்ளவராக இருந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

கொடியை வெட்டும்போது எனக்கு வலித்ததா?

இல்லை. கொடியில் வலி உணரும் நரம்பு கிடையாது. முடி வெட்டுவது போல. பிறந்த நொடியே வெட்டுவதும் இல்லை. ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் மீதி ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதால் உலக சுகாதார நிறுவனமும் அப்படியே பரிந்துரைக்கிறது. பிறகு வயிற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு பிளாஸ்டிக் கிளிப் போட்டு, அதற்கு வெளியே வெட்டுவார்கள்.

துருத்திக்கொண்டிருக்கும் தொப்புள், நர்ஸ் சரியாக முடிச்சுப் போடாததாலா?

முடிச்சே போடுவதில்லை. கிளிப்புக்கு அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் காய்ந்து விழுந்துவிடும். தொப்புளின் வடிவத்தை அந்த வெட்டு தீர்மானிப்பதில்லை. உள்ளே தழும்பு எவ்வளவு தடித்தது, தோல் எப்படி மடிந்தது என்பதே கணக்கு. வயித்தாட்டி என்கிற மருத்துவச்சி, நர்ஸ் எல்லோரையும் இந்தப் பழியிலிருந்து விடுவிக்கலாம்.

அழும்போது பந்துபோலப் பிதுங்கி, அமைதியானால் உள்ளே போகிற தொப்புள் வேறு விஷயம். தொப்புள் வளையம் இன்னும் மூடாமல், அந்த இடைவெளியில் குடல் எட்டிப் பார்க்கிறது; குடலிறக்கம் என்பார்கள். கைக்குழந்தைகளுக்கு இது சாதாரணம், பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். ஒரு ரூபாய் நாணயத்தைத் துணியில் சுற்றி வைத்துக் கட்டுகிற பழக்கம் இன்னமும் இருக்கிறது. வளையம் மூடுவது உள்ளே தசையும் சவ்வும் இறுகுவதால். வெளியே வைத்த காசுக்கு அதில் வேலை இல்லை. காசுக்கடியில் வேர்வை தேங்கித் தோல் புண்ணாகும், அவிழ்ந்த காசு குழந்தையின் வாய்க்குப் போகும். பிதுங்கியது கல்லுபோல இறுகி, நிறம் மாறி, தொட்டால் வீரிட்டு அழுது, வாந்தியும் எடுத்தால் அன்றைக்கே, அந்த மணியே மருத்துவமனை.

விரல் வைத்தால் தொப்புளுக்குள் ஏதோ துடிக்கிறதே, உள்ளே பாப்பா இருக்கா?

இருப்பது மகாதமனி. இதயத்திலிருந்து இறங்கிவரும் பெரிய ரத்தக்குழாய் ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில்தான் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஒல்லியான பிள்ளை மல்லாந்து படுத்தால் கண்ணுக்கே தெரியும். துடிப்பு இடம் மாறிவிட்டது, குடலேறிவிட்டது என்று எண்ணெய் போட்டு வயிற்றை இழுத்து நீவுவது பிள்ளையின் வயிற்றுவலிக்கு மருந்தாகாது. அது குடல்வால் அழற்சியாக இருந்தால் ஆபத்து. வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் நீவுவதை விட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

தொப்புளைத் தொட்டால் மூத்திரம் முட்டுகிறதே?

உள்பக்கத்தில் தொப்புளிலிருந்து மூத்திரப்பையின் உச்சிவரை ஒரு நார் ஓடுகிறது. கருவில் அது குழாயாக இருந்தது. ஆழமாக அழுத்தினால் வயிற்றின் உள்ளுறையும் சேர்ந்து அமுங்கும். அதனால் கீழே கூசுகிறது. அபூர்வமாக அந்தக் குழாய் மூடாமல் போன குழந்தைக்குத் தொப்புளிலிருந்து நீர் கசியும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் காட்ட வேண்டும்.

உள்ளே பஞ்சு எங்கிருந்து வருகிறது?

சட்டையிலிருந்து. வயிற்று முடியின் செதில்கள் துணி நூலை அரித்தரித்துத் தொப்புளை நோக்கி நகர்த்துகின்றன. அதனால் பஞ்சு அப்பாக்களுக்கு வரும், பிள்ளைகளுக்கு வராது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆசாமி ஒருவர் 1984 முதல் தன் பஞ்சைச் சேர்த்து வைத்து 22.1 கிராமுக்கு கின்னஸ் பட்டம் வாங்கினார். வடக்கு கரோலினா ஆய்வாளர்கள் 60 பேரின் தொப்புளைத் துடைத்தெடுத்துப் பார்த்தபோது 2,368 வகைப் பாக்டீரியா கிடைத்ததாக 2012இல் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை தொந்தரவில்லாத குடித்தனக்காரர்கள்.

வாரத்தில் ஓரிரு முறை, குளிக்கும்போது சோப்பு விரலால் சுற்றித் தேய்த்து, கழுவி, துணி முனையால் ஈரம் ஒற்றினால் போதும். ஊக்கும் தீக்குச்சியும் வேண்டாம். ஆழமான தொப்புளில் அழுக்கும் எண்ணெயும் வருஷக்கணக்கில் இறுகிக் கறுப்புக் கல்லாக நிற்பதுண்டு. அதை மருத்துவர் ஊறவைத்து எடுப்பார், பெயர்த்தெடுக்க முயன்றால் சீழ் பிடிக்கும்.

தொப்புளில் எண்ணெய் விட்டால் 72,000 நரம்புக்கும் போகுமா?

போகாது. பிறந்தபின் கொடியிலிருந்து வந்த சிரை ஈரலை நோக்கிப் போகும் வெறும் நாராகிவிட்டது, தமனிகளும் அப்படியே. வாசல் அடைத்த வீட்டுக்குத் தபால் போடுகிற கதை. இரண்டு துளி தேங்காயெண்ணெய் காய்ந்த தோலுக்கு நல்லது. கண்பார்வைக்கும் முட்டுவலிக்கும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாதாமே?

கழுத்தில் கொடி சுற்றியிருப்பது நான்கைந்து பேறுகளில் ஒன்றில் நடப்பது. அத்தனை தாய்மாமன்களுக்கும் ஆபத்து என்றால் சீர் கொண்டுவர இந்த ஊரில் ஆளே மிஞ்சியிருக்காது. தலை வெளியே வந்ததும் பேறு பார்ப்பவர் விரலால் கொடியை எடுத்துத் தலைக்குமேல் கழற்றிவிடுவார். வயிற்றில் குழந்தை மூக்கால் மூச்சுவிடுவதில்லை என்பதால் அது பெரும்பாலும் தூக்குக் கயிறாவதும் இல்லை. மாமன் பிள்ளையின் முகத்தை எண்ணெயில் பார்க்கும் சடங்கு வீட்டு விருப்பம். பச்சைக் குழந்தைமேல் எண்ணெய் கொட்டாமல் செய்தால் சரி.

பிறந்த குழந்தையின் கொடிக்கு என்ன போட வேண்டும்?

மருத்துவர் சொல்லாத எதையும் போட வேண்டாம். வசம்புக் கரி, சாம்பல், மஞ்சள், உருக்கெண்ணெய், தாய்ப்பால், பவுடர் எதுவும் வேண்டாம். சாணம் பூசியும் துருப்பிடித்த பிளேடால் அறுத்தும் தனுர்வாதம் என்கிற டெட்டனஸில் குழந்தைகள் இறந்த காலம் ஒன்று இருந்தது. தாய்க்குத் தடுப்பூசியும் சுத்தமான பேறும் பரவியபின் 2015இல் இந்தியாவில் அது ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக அறிவித்தார்கள்.

கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். நாப்கினின் மேல்விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள். மூத்திரம் படாது, காற்றுப் படும். விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், நனைந்துவிட்டால் சுத்தமான துணியால் ஒற்றி உலரவிடுங்கள். மஞ்சளாக இருந்தது பழுப்பாகி, கறுத்து, சுருங்கி, 5 முதல் 15 நாளில் தானே விழும். நூலில் தொங்குகிறதே என்று இழுத்துவிடுகிற அவசரக்கார ஆச்சிகள்தான் ரத்தம் வரவழைப்பது. தானாக விழும்போது உடையில் இரண்டு சொட்டு ரத்தக்கறை பட்டால் பரவாயில்லை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிற இருபத்தெட்டு கெட்டுக்கு முன்பே அதைக் கட்டுகிறவர்கள் அது கொடியில் உரசாமல் இடுப்புக்குத் தாழக் கட்ட வேண்டும்.

சுற்றுத்தோல் சிவந்து பரவுவது, சீழ், துர்நாற்றம், நிற்காத ரத்தம், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மூன்று வாரம் தாண்டியும் விழவில்லை, அல்லது விழுந்த இடத்தில் சிவப்புச் சதை ஈரமாக நிற்கிறது என்றாலும் காட்ட வேண்டும், ஓடிப்போக வேண்டிய அவசரமில்லை.

விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்தால் பிற்காலத்தில் ஸ்டெம் செல் எடுக்கலாமா?

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் தகவல் இது. ஸ்டெம் செல் உயிரோடு இருந்தால்தான் பயன். அதைப் பிரசவ நேரத்தில் கொடி ரத்தத்திலிருந்து எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி அளவில் உறையவைக்கிறார்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் இடுப்பில் தொங்குகிற வெள்ளிக் குப்பியில் இருப்பது காய்ந்த தோல்துண்டு. நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. குழந்தையின் வாய்க்கு எட்டாமல் குப்பியின் மூடி இறுகியிருக்கட்டும்.

கோழிக்கும் கன்றுக்கும் தொப்புள் உண்டா?

கன்றுக்கு உண்டு, நமக்குப் போலவே. ஆனால் பராமரிப்பு வேறு: தொழுவத்தில் படுத்துப் புரளும் என்பதால் கன்றின் கொடிக்கு டிங்சர் அயோடின் தொட வேண்டும். அதே பாட்டிலைக் குழந்தைக்குக் கொண்டுவரக் கூடாது, பச்சைக் குழந்தையின் தோல் வழியாக அயோடின் உள்ளே போகும். பூனைக்கும் நாய்க்கும் உண்டு, முடிக்குள் தேடினால் சிறு வடு கிடைக்கும். கோழிக்குஞ்சு கொடியில் தொங்கியதில்லை. பொரிவதற்கு முன் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, அந்த வாசல் மூடின இடம்தான் அதன் தொப்புள். ஒரு நாள் குஞ்சை மெல்லத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வளர்ந்த கோழியிடம் தேடிப் பிரயோசனமில்லை, கொத்துதான் கிடைக்கும்.